தீட்டு நாளில் ஒடித்த சோளம்

எதைச் சொன்னாலும் "சரிலாக்கா" என்று தலையாட்டிவிட்டு, உன் இஷ்டப்படியே செய்கிற என் செல்லத் தம்பி சேகருக்கு,

நாளைக்கு உனக்குக் கருமாதி. வெள்ளிக்கிழமை சோளம் ஒடிக்கலாம் என்று சொல்லியிருந்தாய். புதன்கிழமை, சபாக்கில் அந்த வாடகை நிலத்து வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று ரவாங்கில் வேலையிலிருந்த எனக்குப் போன் வந்தது. நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நீ போனது ஓர் இடி என்றால், அதன் பிறகு விழுந்தது இன்னோர் இடி. இன்றுவரை எனக்கு அது செரிக்கவில்லை.

உன்னை எடுத்துப்போன மறுநாள் பெரியண்ணன் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். "தீட்டு கழியறவரைக்கும் யாரும் தோட்டத்துப் பக்கம் கால் வைக்கக்கூடாது. செடி வாடிப்போயிடும்," என்றார். நம் வீட்டில் காலங்காலமாய்ச் சொல்வதுதானே? யாரும் மறுக்கவில்லை. உன் கமலா மட்டும், "ஜாகோங் முத்திப்போயிடுமே அண்ணி," என்று சோளத்தை நினைத்து என் காதில் சொன்னாள். நான்தான் சும்மா இரு என்று அடக்கினேன்.

அடுத்த வாரம், நாம் பாக்சிக் என்று கூப்பிடுகிற அந்த மலாய்க்காரப் பெரியவர் துக்கம் விசாரிக்க வந்தார். நிலத்துக்காரர் என்ற தோரணை எதுவுமில்லாமல், ஒரு வாழைத்தாரை வாசலில் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். உன்னைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கமலாவைப் பார்த்து மலாயில் சாதாரணமாகக் கேட்டார்: "நேற்று லோரி நிறைய ஏற்றிப் போனீர்களே, நல்ல விலை கிடைத்ததா? இன்றைக்கும் உன் மூத்தார் ஆள் வைத்து ஒடிக்கிறார், பார்த்தேன். நீதான் அனுப்பியதாகச் சொன்னார்."

பெரியண்ணனா? அப்பா இல்லாத வீட்டில் நம்மை ஸ்கூலுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனவரா? எங்களுக்கு இருக்கிற தீட்டு அவருக்கு இல்லையா? நீ அவருக்கும் தம்பிதானே?

கமலா மூலையிலிருந்து எழுந்தாள். வாசலில் கிடந்த உன் ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டினாள். அவள் காலுக்கு அது எவ்வளவு பெரிசு. "அண்ணி, வரீங்களா?" என்றாள். தீட்டாவது ஒன்றாவது என்று நானும் கிளம்பினேன். பாக்சிக் தன் காரிலேயே எங்களைக் கூட்டிப்போனார்.

முன் பாத்தியில் பாதி காலி. செகிஞ்சானிலிருந்து சோளம் வாங்க வந்த வியாபாரி தவுக்கேயின் லோரி நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் பெரியண்ணனுக்கு முகம் கறுத்தது.

"தீட்டோட ஏன் வந்தீங்க?"

"நீங்க எதோட வந்தீங்க?" என்று கேட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை, தம்பி.

"வாடகை நிலம்தானே. அவனே போயிட்டான், இனி அவன் பேசின வாடகைப் பேச்செல்லாம் ஏது? கெட்டுப்போறதுக்கு முன்னாடி நான் வித்தா என்ன தப்பு? சாவுச் செலவை யார் பார்த்தா?"

செலவு பார்த்தார், இல்லையென்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் கமலாவே கொடுத்திருப்பாள். கேட்காமல் எடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாக்சிக் சத்தம் போடவில்லை. "நிலம் என்னுடையது. சோளம் என்னுடையது இல்லை. உன்னுடையதும் இல்லை. சேகர் போட்டது, அவன் பெண்டாட்டி களை எடுத்தது," என்றார். அதைக் கேட்ட தவுக்கே, ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களை நிறுத்தினார். நேற்றைய சரக்குக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை, இனி அந்த அம்மாவிடமே கொடுக்கிறேன் என்றார். பெரியண்ணன் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மிச்சத்தைக் கமலாவும் நானும் ஒடித்தோம். அழுதுகொண்டேதான் ஒடித்தாள். ஒரு கதிரைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கோ தோள்பட்டை கழன்றுவிட்டது. இந்த வேலையையா நீ விசிலடித்துக்கொண்டு செய்தாய்?

நேற்றும் போய்ப் பார்த்தோம். நீ பிந்திப் போட்ட பின் பாத்தி பச்சைப்பசேலென்று நிற்கிறது. இரண்டு தீட்டுக்காரிகள் நடுவில் புகுந்து நடந்தும் ஓர் இலைகூட வாடவில்லை. அது விளையும்வரை நிலம் கமலாவிடம்தான் என்று பாக்சிக் சொல்லிவிட்டார். வாடகை வேண்டாம் என்றார். கமலா ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கமான வாடகைதான் என்று முடிவானது.

நாளை படையலில் உனக்கு அந்தச் சோளத்தை அவித்து, நீ கேட்கிற மாதிரி பட்டர் அள்ளித் தடவி வைப்பேன். பெரியண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்தால் இலை போடுவேன். பரிமாறுவது நானில்லை, கமலா. அவள் கையால் வாங்கிச் சாப்பிட முடிகிறதா என்று பார்க்கிறேன். நீ இருந்தால் "விடுலாக்கா" என்பாய். என்னால் விட முடியவில்லையே, என்ன செய்ய?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். பின் பாத்தி முற்றும்போது லீவு போட்டு வருவேன். கமலா சொல்கிற நாளில், அவள் சொல்கிற ஆளுக்குத்தான் அது போகும். கடைசிக் கதிரை ஒடித்த பிறகு தட்டையெல்லாம் வெட்டி எடுத்து, நீ பாதியில் விட்ட வாய்க்காலையும் வெட்டி முடித்துத்தான் பாக்சிக்கிடம் நிலத்தைத் திருப்பிக் கொடுப்போம்.

உன் மண்வெட்டி இன்னும் அங்கேயே குத்தி நிற்கிறது. நாங்கள் எடுக்கவில்லை.

உன் கூடப் பிறந்தவள்,
ராஜி அக்கா