இடது கை தூக்கியவர்கள்

செம்பாக்கம்
4 ஜூலை 2025

அன்பு ஜெரூ,

என் வகுப்பைப் படம் எடுத்தாயிற்று! நாற்பது நிமிடம், முழுசாக. உன் ஜப்பான் பல்கலைக்கழகத்து விதிப்படி, வகுப்பு முடிந்ததும் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் ஆகாதாம், ஆசிரியை எழுதினால்தான் ஆராய்ச்சியாம். பி.எட். படிக்கும்போது என் நோட்டைப் பார்த்து எழுதியவள் இன்றைக்கு எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாய்!

ஆறாம் வகுப்பு, பின்னங்களின் கூட்டல். நாற்பத்திரண்டு பிள்ளைகள். நான் கேட்கக் கேட்க அத்தனை பேர் கையும் மேலே. எங்கள் தலைமையாசிரியர் சம்பந்தம் சார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா மேரி மிஸ், நம்ம பசங்களா இதுங்க?" என்று கேட்டார். செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் தோள் வலிக்கிறது என்று இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.

உன் பேராசிரியருக்குப் பிடித்ததா என்று உடனே எழுது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன்
செல்வமேரி


நாகோயா
21 ஜூலை 2025

பிரியமுள்ள மேரிக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். (சிரிக்காதே. அப்பா கற்றுக்கொடுத்த ஆரம்பம், எனக்கு மாற்ற வராது.)

நின்றுகொண்டிருந்தால் உட்கார். நவம்பரில் நீ ஜப்பான் வருகிறாய்! ஆறு நாட்டு வகுப்பறைப் படங்களைப் போட்டுப் பார்த்தோம். இங்கே பிள்ளைகள் கை தூக்கவே கூச்சப்படுவார்கள். உன் வகுப்பைப் பார்த்ததும் எங்கள் பேராசிரியர் மோரிதா மேடம் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு மாதம் இங்குள்ள பள்ளிகளில் உட்கார்ந்து பார்க்க மூன்று ஆசிரியைகளை அழைக்கிறார்கள். முதல் பெயர் உன்னுடையது. உன் வகுப்பைப் பற்றியே என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேடத்துக்கு ஒரே ஒரு சந்தேகம். பல பிள்ளைகள் இடது கையைத் தூக்குகிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நீ பதில் சொல்லச் சொல்லவில்லை. உங்கள் பண்பாட்டில் இடது கை ஆகாது என்பதாலா என்று கேட்கிறார். ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்
ஜெரூஷா


செம்பாக்கம்
27 ஜூலை 2025

அன்பு ஜெரூ,

உன் கடிதத்தைப் படித்த குதூகலத்தில் குக்கர் விசிலை எண்ண மறந்து, பருப்பு கூழாகிவிட்டது. மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம். பம்மலில் பிறந்து, தலைக்கு மேலே விமானம் போகப் போக வளர்ந்தவள் நான். ஒருமுறைகூட ஏறியதில்லை.

உன் ஒரு வரிக்கு மூன்று பதில் எழுதி அழித்தேன். ஆமாம், பண்பாடுதான் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மனசு கேட்கவில்லை டி.

அந்த வகுப்பை நான்கு நாள் ஒத்திகை பார்த்தோம். அதிகாரி பார்வையிட வந்தால் செய்வோமே, அதேதான். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வந்தவர் கண்ணுக்கு எல்லாக் கையும் மேலே இருக்கும். கேமரா என்றதும் எனக்கு அதிகாரி ஞாபகம் வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் நல்ல தட்டை எடுத்து வைக்கிற மாதிரி செய்தேனே தவிர, ஏமாற்ற நினைக்கவில்லை.

நேற்று படத்தைப் போட்டு எண்ணினேன். கடைசிக் கேள்விக்கு முப்பத்தொரு இடது கை. முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் புரியவில்லை, நான் சிரித்துக்கொண்டே அடுத்த கணக்குக்குப் போகிறேன். வெட்கமாக இருக்கிறது.

மேடத்திடம் சொல்லிவிடு. ஜப்பான் போனால் போகட்டும்.

மேரி


நாகோயா
10 ஆகஸ்ட் 2025

மேரி,

படம் ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே எனக்குத் தெரியும். நானும் தாம்பரத்தில் உன்னோடு பயிற்சி வகுப்பு எடுத்தவள்தானே. மேடம் எழுந்து நின்ற சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன். நீ பண்பாடு என்று ஒரு வரி எழுதுவாய், என் அத்தியாயம் பிழைத்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் உன்மேல் கோபம். அப்புறம் என்மேல்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் இடத்தைக் கொழும்பு ஆசிரியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். என் அத்தியாயம் போயே போயிற்று. மேடம் திட்டவில்லை. இதை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டார். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, ஆனால் பி.எட். முடித்து வெளியே வரும்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றேன். "நாம் ஆராய வேண்டியதே இதைத்தான்" என்று புது நோட்டு ஒன்றை எடுத்துவிட்டார்.

செப்டம்பரில் உன் வகுப்பில் வந்து உட்கார ஆசைப்படுகிறார். எந்தத் தேதி வசதி என்று கேட்கச் சொன்னார். என்னோடு பேசுவாய் என்றால் பதில் போடு.

ஜெரூஷா


செம்பாக்கம்
16 ஆகஸ்ட் 2025

அன்பு ஜெரூ,

பேசாமல் எங்கே போவேன்? நீ இரண்டு நாள் கோபப்பட்டாய், நான் இரண்டு மணி நேரம். சரியாகப் போயிற்று. பாஸ்போர்ட் வந்துவிட்டது. கொஞ்சம் அழுதேன், அதையும் மறைப்பானேன்.

இப்போது கேள்! செவ்வாய்க்கிழமை பிள்ளைகளிடம், "இனிமேல் இடது கையைத்தான் கேட்பேன்" என்றேன். "இன்னா மிஸ், பேஜாரா கீது!" என்றான் விக்கி. அத்தனை கையும் கீழே இறங்கிவிட்டது. எனக்குப் பயமே வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் கோகிலவாணி மட்டும் இடது கையைத் தூக்கினாள். ஜூனிலிருந்து அவள் குரலை நான் கேட்டதே இல்லை. "மிஸ், அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா அஞ்சுல ரெண்டு ஏன் வரக்கூடாது? மேல கூட்டுற மாதிரியே கீழயும் கூட்டலாமில்ல?"

இதை நான் யோசித்ததே இல்லை ஜெரூ! பதினோரு வருஷமாக, அப்படித்தான் விதி என்று சொல்லியே ஓட்டியிருக்கிறேன். நான் சாக்பீஸை எடுப்பதற்குள் விக்கி எழுந்தான். "அஞ்சுல ரெண்டு அரையவிடக் கம்மி மிஸ். கூட்டினா எப்டி கம்மியாவும்?" அவ்வளவுதான், வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. காகிதத்தைக் கிழித்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டி, மணி அடித்தது யாருக்கும் காதில் விழவில்லை. நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கு. பாடம் பின்தங்குகிறது என்று சம்பந்தம் சார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சொல்லட்டும்! நேற்று முன்தினம் பதினேழு இடது கை, நான் சொல்லாமலே.

மேடத்தைக் கட்டாயம் வரச் சொல். ஆனால் என்னை எனக்குத் தெரியும், மறுபடி நல்ல தட்டை எடுத்து வைத்துவிடுவேன். எந்தத் தேதி என்று மட்டும் எழுதிவிடாதே.

உன்
மேரி