அண்ணியின் ஓட்டு

சத்தியவேடு, ஆந்திரா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோபி அண்ணாவுக்கு, தங்கை சந்தியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குவைத் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடு. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் உன் ரூமில் இருக்கும் நம்மூர்ப் பையன்கள் எல்லோரும் கேட்பார்கள், தெருவுக்கும் திரும்பி வந்துவிடும். அதனால் அங்கே வரும் பக்கத்து வீட்டு சுனில் கையில் இந்தக் கடிதம்.

பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நம் வார்டுக்கு நாமினேஷன் போட்டிருக்கிறேன். திட்டாதே, முழுசாகப் படி.

தாத்தா காலத்தில் தெரு மொத்தமும் கைச் சின்னத்துக்குப் போட்டது. நைனா வாலிபத்தில் மொத்தமும் சைக்கிளுக்கு மாறியது. எதுவானாலும், “நாம தமிழாளுங்க, ஒண்ணா நின்னாத்தான் ஆபீசருங்க மதிப்பாங்க” என்று கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து ஒரே பக்கம் போடுவார்கள். இப்போது பாதித் தெரு சர்ச்சுக்குப் போகிறது. போன தடவை அவர்கள் கற்பூரம் தொட மாட்டோம் என்றார்கள். அன்றைக்கே தெரு இரண்டாகிவிட்டது. கோயிலுக்கு ஒரு கட்சி, சர்ச்சுக்கு ஒரு கட்சி. தமிழாளுங்க என்ற பேச்சே போச்சு.

என் மாமியார் வீடு சர்ச், என் நெற்றியில் பொட்டு. கோயில்காரர்களுக்கு நான் அல்லேலூயா கேஸு. பாஸ்டரம்மாவோ, “பொட்ட எடுத்துட்டு வந்து ஓட்டு கேளும்மா” என்கிறார். அட போங்கடா என்று இருக்கிறது! இரண்டு பக்கத்துப் பிணமும் மயானத்துக்கு இடுப்பளவு ஓடைத் தண்ணீரில்தானே போகிறது? ஐப்பசியில் பொன்னியம்மா அத்தையைப் கால் வழுக்கிப் பாடையோடு தண்ணீரில் போட்டுவிட்டார்களே, அதை மறக்க முடியுமா? அங்கே சின்னதாக ஒரு பாலம் வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறேன்.

நான் நாமினேஷன் போடும் முன்பே நைனா கோயில் கட்சிக்குக் கற்பூரம் அணைத்துவிட்டார். “சத்தியம் பண்ணிக்கினு வந்துட்டேன் கண்ணு, உனுக்குப் போட முடியாது” என்று அழுதார். நானும் அழுதேன். அவரை வற்புறுத்த மாட்டேன், நீயும் வற்புறுத்தாதே.

அண்ணி கற்பூரம் தொடவில்லை. ஆனால், “உங்க அண்ணா போன்ல சொல்றவங்களுக்குத்தான் போடுவேன்” என்கிறாள். பதினாறு வருஷமாக அப்படித்தான். வார்டில் மொத்தமே இருநூற்றுப் பத்து ஓட்டு. ஒரே ஓட்டில் தோற்றாலும் தோற்பேன்.

எனக்குப் போடச் சொல் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே வெட்கமாகிவிட்டது. கற்பூரச் சத்தியத்தால் வரும் ஓட்டு வேண்டாம் என்று நிற்கிற நான், உன் போனை நம்புவதா? எனக்குப் போடு என்று சொல்லாதே. “உனுக்குத் தோணினவங்களுக்குப் போடு” என்று மட்டும் சொல். எதிராளிக்குப் போட்டாலும் சரி. தோற்றால் அடுத்த தடவையும் நிற்பேன்.

கங்கையம்மனும் கர்த்தரும் உன்னைக் காக்கட்டும். அண்ணி ஓட்டுப் போட அந்த அட்டை மறைப்புக்குள் நிற்கும்போது அவள் காதில் உன் குரலும் கேட்க வேண்டாம், என் குரலும் கேட்க வேண்டாம் அண்ணா.

உன் தங்கை,
சந்தியா