மாத்திரை போட்டுக்கொண்டு படி

கோத்தா திங்கி,
பிப்ரவரி 9

அன்புத் தங்கை தனலெட்சுமிக்கு,

அண்ணன் கனகராஜ் எழுதுவது. சபா மாநிலத்தில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் வசந்தன் விடுமுறை முடிந்து திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் சொல்லியிருக்கும் கூடுதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வசந்தன் பக்கத்தில் இருக்கும்போதே மேலே படி.

மூன்று வாரத்துக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு. இப்போது வார்டில் உட்கார்ந்து, கஞ்சி வேண்டாம் என்று நர்ஸோடு சண்டை போடுகிறார். அதனால் பயப்படாதே.

அட்ரினல் சுரப்பி வேலை செய்யாத உனக்கு அதிர்ச்சி ஆகாது என்று நான்தான் மறைத்தேன். நாலு வருடமாக இப்படி மறைப்பதுதானே என் வழக்கம்? வெள்ளத்தில் வீடு இடுப்பளவு மூழ்கியபோதுகூட, வீடு கழுவுகிறோம் என்று உன்னிடம் கதை விட்டேன்.

அப்பா சரிந்து விழுந்ததும் எனக்கு வாய் உலர்ந்தது, நெஞ்சு படபடத்தது. ஒற்றை ஆளாக அவரைத் தூக்கிக் காரில் ஏற்றினேன். எண்பது கிலோ! வார்டு முழுக்க இதைப் பீற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் ரூபினி சிரித்துவிட்டார். மூளை நரம்பு வழியாகச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சுரப்பியைத் தட்டியெழுப்ப, அட்ரினலின் பாய்ந்து வந்த பலமாம் அது. பிறகு மூளை இரத்தம் வழியாக இன்னொரு கட்டளை அனுப்புமாம். அதற்குச் சுரக்கும் கார்டிசோல்தான் மணிக்கணக்கில் நம்மைத் தாங்குகிறதாம். போதும் என்றானதும் மூளையே நிறுத்திவிடுமாம்.

டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஐயோ அலமாக், அவங்களுக்கு கார்டிசோல் தானா ஊறாது, அவ்ளோதான் லா, மருந்த கூட்டிக்கிட்டா சேதிய தாங்குவாங்க என்று என்னைத் திட்டினார்.

என் உடம்பு எனக்கே தெரியாமல் செய்யும் வேலையை நீ தினமும் கடிகாரம் பார்த்துக் கையால் செய்கிறாய், தனம். காய்ச்சலுக்கு இவ்வளவு, அடிபட்டால் இவ்வளவு என்று அளந்து போட்டுக்கொண்டு, முப்பது பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்துகிறாய். அவசர ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனவளைப் போய் பலவீனமானவள் என்று நினைத்தேனே! வெட்கமாக இருக்கிறது.

இருபதாம் தேதி அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அம்மாவும் நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டோம். பயத்த பக்கத்துல வச்சிக்கிட்டு வாழத் தெரிஞ்சவ தனம் ஒருத்திதான், அவ வந்து சொல்லட்டும் என்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் பாரம் அவர் தலையணைக்கடியில் கிடக்கிறது.

டிக்கெட் போட்டுவிடு. செனாய் விமான நிலையத்தில் நான் நிற்பேன். மாத்திரை, ஊசி மறக்காதே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்து அப்பாவுக்குத் தைரியம் சொல். எனக்கும் சொல். அவரைத் தூக்கிய நான்தான், அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிறேன், இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
கனகராஜ்