பாத்திரத்தில் மிச்சம்

டிச. 3, புதன்

காலையிலிருந்தே மழை மூட்டம். துணி காயவில்லை. பரவை மார்க்கெட்டில் கீரை, வெங்காயம், சீரகம். போன இடமெல்லாம் இருமல். நம் சபைப் பெண்கள் நாலைந்து பேர், எல்லோருக்கும் மூக்கு ஒழுகுகிறது.

"ஐயா சொகமா இருக்காகளா? ஞாயித்துக்கிழமை அவுகதானாமே?"

அவர்தான், என் வீட்டுக்காரர். கிட்னி மாற்றிய பிறகு இவர் நடத்தும் முதல் திருவிருந்து. இத்தனை மாதமும் வேறு போதகர் வந்து நடத்தினார். சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.

டாக்டர் குரல்தான் காதில். "சளிதானேன்னு விட்டுராதீங்கம்மா. இவருக்கு அது நிமோனியாவுல கொண்டுபோய் விட்டுரும்."

எங்கள் கோயிலில் ஒரே வெள்ளிப் பாத்திரம். அப்பம் வாங்கியதும் சபை முழுக்க அதில் வாய் வைத்துத் திராட்சை ரசம் குடிக்கும். ஜெபித்த ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது, மிச்சத்தைப் போதகர் குடித்து முடிக்க வேண்டும். அத்தனை வாய்க்கும் கடைசி வாய் இவருடையது.

டிச. 4, வியாழன்

சபைச் செயலாளர் செல்வராஜ் அண்ணன் வந்தார். கப்பலூர் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து நேராக. டீ கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். மருந்து பாட்டில் மூடி அளவில் சின்னக் கப் கிடைக்கிறது, ஆளுக்கு ஒன்று, டவுனில் சில சபைகளில் இப்போது அதுதான்.

அண்ணன் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அய்யா டீக்கடையில தனிக் கிளாசுல குடிச்ச மனுசன்மா. எல்லாரும் வாய் வைக்கிற பாத்திரத்துல தானும் வாய் வைக்கலாம்னுதான் இந்தக் கோயிலுக்குள்ள வந்தாரு. இப்ப ஆளுக்கொரு கப்புன்னா நான் என்னத்தச் சொல்ல?"

நியாயம் அவர் பக்கம்.

போகும்போது, "ஐயா வேணும்னா மிச்சத்தக் குடிக்க வேணாம்மா. நாங்க தப்பா எடுக்க மாட்டோம்" என்றார். நல்ல மனுஷன்.

டிச. 5, வெள்ளி

இவரிடம் சொன்னேன். எதிர்பார்த்த பதில்தான்.

"செல்வராசு தப்பா எடுக்க மாட்டாரு. மத்தவுக? நாம வாய் வச்சத ஐயா தொடலைன்னு ஒரு நெனப்பு வந்துருச்சுன்னா, அப்புறம் நான் அப்பத்தப் பிட்டு என்ன பிரயோசனம்?"

"ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ள இருக்கது என் கிட்னி. ஞாபகம் இருக்கட்டும்." சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனது அவருக்கு. கொடுத்ததைச் சொல்லிக்காட்டிவிட்டேனே, சீ.

எனக்கு அர்த்தம் தெரியாதா? ஞாயிறு பள்ளியில் இத்தனை வருடமாக நான்தானே சொல்லித்தருகிறேன், ஒரே பாத்திரத்தில் குடிக்கிற நாமெல்லாம் ஒரே உடம்பு என்று. ஒரே உடம்பென்றால் ஒரே காய்ச்சலும்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

டிச. 6, சனி

பாத்திரம் துலக்க. வெள்ளை விரிப்பு அயர்ன். திராட்சை ரசம் காய்ச்ச (குறைவாக, மிச்சம் விழாதபடி!). இவர் மாத்திரை தீரப்போகிறது.

தூறல். ஜெபிக்க உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது ஆண்டவரே, அவ்வளவுதான் சொன்னேன்.

டிச. 7, ஞாயிறு

கோயில் நிறைய ஆள். இவர் குரல் நன்றாக இருந்தது, பழையபடி. நான் கேட்கவில்லை. யார் இருமுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக முதல் வரிசையில் போகிறவள். இன்று எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டு, கடைசி ஆளாக முழங்காலிட்டேன். பாத்திரத்தை நீட்டினார். ஒரு மிடறு குடித்ததும் வாங்கிக்கொள்வது வழக்கம். நான் விடவில்லை. இரண்டு கையாலும் அடிப்பாகத்தைப் பிடித்துச் சாய்த்து முழுவதையும் குடித்தேன். அடியில் ஊறிக் கிடந்த அப்பத் துணுக்கையும். அவர் இழுத்தார், சபைக்குத் தெரியாமல் லேசாக. பிறகு விட்டுவிட்டார்.

காலிப் பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அப்புறம் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதுவும் முறைதான். சுத்தமாக மறந்துபோனேன். போதகர் பெண்டாட்டியாம்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபமில்லை என்பது தெரிகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

டிச. 9, செவ்வாய்

காலையில் தொண்டை கரகரப்பு. மதியம் காய்ச்சல். தலையணையை எடுத்துக்கொண்டு சின்ன ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மார்க்கெட்டில் ஒட்டியதா, பாத்திரத்தில் ஒட்டியதா? எதுவானாலும் நேற்று வரை அவர் பக்கத்தில்தானே படுத்திருந்தேன். எல்லோருடைய இருமலையும் நானே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேனோ.

டிச. 10, புதன்

மழை விட்டிருக்கிறது. எனக்குக் காய்ச்சல் விடவில்லை. அவரே கஞ்சி வைத்து, கதவடியில் வைத்துவிட்டுத் தட்டினார். தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து எடுத்துக்கொண்டு மறுபடி சாத்தினேன். அந்தப் பக்கம் தரையில் தட்டு வைக்கிற சத்தம்.

"ஆரம்பிச்சிட்டியா? இரு, நானும் உக்காந்துட்டேன்."

"ஏங்க, மேசையில போய்ச் சாப்பிடுங்க."

"தனியா எறங்கல."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபம் சொன்னார். நான் இந்தப் பக்கம் ஆமென் சொன்னேன். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது இருமல் சத்தம். அவருடையது.

"பொறையேறிருச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

நான் எதுவும் கேட்கவே இல்லை.