வெள்ளை விளிம்பு

மார்ச் 4

இன்றும் என் காதைப் பார்த்துத்தான் பேசினார். கறிகாய் வாங்கணுமா என்று கேட்டதும் காதிடம்தான், வேனுக்கு டயர் மாற்றணும் என்று சொன்னதும் காதிடம்தான்.

கண் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் ஊரார் விழித்திரையைப் படம் பிடிக்கிறேன். என் வீட்டுக்காரர் என்னை நேருக்கு நேர் பார்த்து எத்தனை நாளாயிற்று?

மார்ச் 7

கேட்டேவிட்டேன். “என் மூஞ்சி பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க.”

“உனக்கென்ன பைத்தியமா?” அதையும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

வேறு யாராவது இருக்கிறாளோ? அறுபத்தொரு வயதில்? பள்ளிக்கூட வேன் ஓட்டும் மனுஷனுக்கு? சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 15

காலையில் வேனைப் பள்ளி வாசல் கம்பத்தில் இடித்துவிட்டார். பிள்ளைகள் இறங்கியிருந்தார்கள், நல்லவேளை. எதிரிலேயே நின்ற கம்பம். “ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஒரு படம் எடுத்துப் பார்ப்போம்” என்றேன். அடம்பிடிக்காமல் வந்தார்.

“தாடையை இதுமேல வைங்க. நெத்தியை ஒட்டி வைங்க. நேரா பாருங்க.” எல்லோரிடமும் சொல்வதுதான்.

“நேரா பார்த்தா ஒண்ணுமே இல்லையே” என்றார்.

நீல வெளிச்சத்தில் எடுக்கும் படம். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் சேரும் நிறமி அதில் மின்னும். அளவாக இருந்தால் சாம்பல் நிறம். அளவு மீறிய இடம் பளிச்சென்று வெள்ளை. செல்கள் செத்துப்போன இடம் கறுப்பு. இவருக்கு இரண்டு கண்ணிலும் நடுவில், நேரே பார்க்கும் இடத்தில் கறுப்பு, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. இன்று மின்னுவதுதான் நாளை கறுக்கும். எத்தனை பேருடைய படத்தில் பார்த்திருக்கிறேன்!

ஒரு படம் தெளிவாக விழவில்லை. இடது கண்ணை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கறுப்பில்தான் என் முகம் இருந்திருக்கிறது — நான் என்னென்ன நினைத்தேன்.

மார்ச் 16

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். “விழித்திரைக்குப் பின்னாடி ஒரு வரிசை செல் இருக்குங்க ஐயா. வெளிச்சத்தை வாங்குற செல்கள் தினமும் கொஞ்சம் உதிர்க்கும். அந்தக் கழிவைத் தின்னு செரிக்கிறதுதான் இதுக்கு வேலை. செரிக்காதது மஞ்சப் பழுப்பா உள்ளயே தங்கிடும். வயசானா எல்லாருக்கும் சேரும். உங்களுக்கு ரொம்பவே சேர்ந்திருக்கு.”

“கண்ணுக்கும் அஜீரணமா டாக்டர்?” என்று சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

“போன பார்வை?”

“வராதுங்க ஐயா. ஓரப் பார்வை இருக்கும். முழு இருட்டாகாது.”

வீட்டுக்கு வந்து கேட்டேன். “எப்போலேர்ந்து?”

“போன மழைக்காலத்துலேர்ந்து.”

“அப்புறமும் வேன் ஓட்டுனீங்களா?”

“ரோடு தெரியுதுடி. நடுவுல மட்டும்தான் கொஞ்சம் அழிஞ்ச மாதிரி…”

“அந்தக் கொஞ்சத்துல ஒரு புள்ள நின்னா?”

கத்திவிட்டேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உள்ளங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், அழுக்கைத் துடைத்தால் போய்விடும் என்பதுபோல. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தக்கூட என்னால் முடியவில்லை. கோபமா, பயமா — தெரியவில்லை.

மார்ச் 17

சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிடவில்லை.

மார்ச் 29

பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமானால் எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறார். பிறகு கழற்றி ஆணியில் மாட்டுகிறார்.

ஜூலை 11

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

தாத்தா மடியில் குழந்தையை வைத்தோம். “மாமா, பாப்பாவைப் பாருங்க, போட்டோ எடுக்கறேன்” என்றார் மருமகன்.

“பார்த்துக்கிட்டுதான் மாப்பிள்ளை இருக்கேன்.”

அவர் முகம் கதவுப் பக்கம் இருந்தது. கதவைப் பார்த்தால்தான் குழந்தை கண்ணோரத்தில் தெரியும். போட்டோவில் பேத்தியை ஏறெடுத்தும் பார்க்காத தாத்தா போல இருக்கிறார். மகள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

வரும் வழியில் கேட்டார். “கண்ணு யாரு மாதிரி?”

உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஏனோ பயமாக இருந்தது.

“அவ அப்பா மாதிரி” என்றேன்.

“நல்லது” என்றார்.

அக்டோபர் 20

மறுபடி படம் எடுக்கும் நாள். கூட வேலை செய்யும் பெண் “நான் எடுக்கறேன் அக்கா, நீங்க வெளிய இருங்க” என்றாள். அவர் விடவில்லை. “எங்க வீட்டம்மாவே எடுக்கட்டும்.”

மார்ச்சில் மின்னிய விளிம்பு இப்போது கறுப்பு. அதற்கு வெளியே புதிதாக ஒரு வெள்ளை விளிம்பு.

“கூடியிருக்கா?”

“கொஞ்சம்.”

“நீ கொஞ்சம்னு சொன்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?”

என் தோளைத் தேடித் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்! அடுத்தவரை உள்ளே கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டேன்.

நவம்பர் 8

தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்து எனக்காக நிற்கிறார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. “வீட்டுலயே கிடந்தா துரு பிடிச்சிடும்” என்கிறார். என் பையை வாங்கிக்கொள்கிறார்.

டிசம்பர் 2

இன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். பின்வாசல் வழியாக இறங்கினேன். அவர் முன்வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். சரிசெய்யலாம் என்று போய் நேர் எதிரே நின்றேன்.

பணிவாகச் சொன்னார். “கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்கம்மா. எங்க வீட்டம்மா இறங்குவாங்க, மறைக்குது.”

ஓர் அடி தள்ளி நின்றேன்.

“அட, நீயா! எப்ப இறங்குன?”

“இப்பத்தான்” என்றேன். பையைக் கொடுத்தேன்.