ஐந்து அட்டைப்பெட்டிகள்

கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவருக்கு,

புத்தகங்களைக் கட்டி எடுத்துப்போக ஐந்து அட்டைப்பெட்டிகள் வாங்கி வைத்தீர்களே, அவற்றைத் தேட வேண்டாம். டேப்பை உரித்து, தண்ணீரில் நனைத்து, நீங்கள் நட்ட கத்தரிச் செடிகளைச் சுற்றி மூடாக்காகப் பரப்பிவிட்டேன். வெயிலில் மண் காயக்கூடாது என்று ஓயாமல் சொன்னது நீங்கள்தானே!

"அப்பாவோட பெட்டியெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள் மகள்.

"மண்புழு தின்னுடுச்சுடி."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. நிஜமாகவே, அட்டையைத் தூக்கினால் கொழுகொழுவென்று புழுக்கள்! நேற்று செடியில் முதல் பூவும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களை எடுக்க வருவதாக அவளிடம் சொன்னீர்களாம். தாராளமாக வாருங்கள். புதுப் பெட்டிகள் வாங்கி வந்தால் இன்னும் நல்லது. தக்காளிப் பாத்தி மூடாமல்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாயால் பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கியவள்