கேட்காமல் போன மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

டுலூத்தில் பனி விட்டதா? முழங்கால் வலி குறைந்ததா? ஹன்ட்ஸ்வில்லில் நான் நலம்தான்.

நீங்கள் வாங்கித்தந்த காது மெஷின் அருமை. ஆனால் அதில் கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் ப்ளூடூத் இருக்கிறது. அரசாங்க ரகசியங்களை வைத்து நாங்கள் வேலை செய்யும் அறைக்குள் அதைக் கொண்டுபோகத் தனி அனுமதி வர வேண்டும். அதுவரை வாசல் பெட்டியில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன். ஜன்னலும் இல்லாத அறை.

செவ்வாயன்று ஒரு வேடிக்கை. தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்ததும் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒருவருமில்லை. மேசையில் ரகசியக் காகிதங்கள் விரிந்து கிடந்தன. விட்டுப் போனாலும் குற்றம், எடுத்துப் போனாலும் குற்றம். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பாதுகாப்பு அதிகாரி திருமதி ஓடம் ஓடி வந்து, உதடு தெரியும்படி என் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நிஜமாவே தீப்பிடிச்சிருந்தா என்னப்பா பண்ணியிருப்ப?"

"காகிதத்தை யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. "உன் அனுமதியை நானும் தினம் கேக்கறேன். மேலேருந்து பதிலே வரல."

என் பழைய மெஷினில் ப்ளூடூத் இல்லை. அதற்கு அவரே அனுமதி தரலாமாம். சமையலறை இழுப்பறையில் இருக்கும், அனுப்புங்கள். அது காதுக்குள் விசிலடித்தாலும் பரவாயில்லை. தங்கை இன்கிரிட்டிடம் இந்த மணி விஷயத்தைச் சொல்ல வேண்டாம், பயப்படுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். சர்ச்சுக்கு யார் வந்தார்கள், என்ன சமைத்தீர்கள், எதையாவது சொல்லிக்கொண்டே இருங்கள்.

இடைவேளை முடிகிறது. காதைக் கழற்றி வைக்க வேண்டும்.

உங்கள் மகன்,
எல்டன்